மிளகின் மூக்கு

மிளகு தூங்கும்போது குறட்டை விடுவாள். ஐந்து வயதுக் கறுப்புப் பூனை, எடை மூன்றரைக் கிலோ. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அந்தச் சத்தம் வருவது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. தம்பி அதைக் கைபேசியில் பதிவு செய்து தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினான். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதியைப் பார்த்தேன். அவள் மூக்குக்குள் பூஞ்சை வளர்கிறது என்று எங்களுக்குத் தெரிவதற்கு நான்கரை மாதம் முந்தையது.

தட்டை முகப் பூனைகளை விடுங்கள், அவற்றின் மூச்சில் எப்போதும் கொஞ்சம் சத்தம் இருக்கும். மற்ற பூனைகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல்தான் தூங்கும். அப்படித் தூங்கிய பூனைக்குப் புதிதாகக் குறட்டை வந்தால், மூக்கிலோ தொண்டைக்கு மேலோ காற்று போகும் வழி குறுகிவிட்டது என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பதிவை உறவினர்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் காட்டியிருப்பேன்.

குறட்டைக்கு அப்புறம் தும்மல் வந்தது. முதலில் நாளுக்கு இரண்டு மூன்று. பிறகு அடுக்கடுக்காக ஏழு, எட்டு. இடது மூக்குத் துளையில் மட்டும் தண்ணீர் மாதிரி ஒழுகியது. இரண்டு வாரத்தில் அது மஞ்சளாகக் கெட்டியானது. ஒருநாள் அவள் தும்மிய இடத்தில், சுவரில் சிவப்புப் புள்ளிகள் தெறித்திருந்தன.

பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். பூனைச் சளி என்றார்கள். பத்து நாள் ஆன்டிபயாடிக். நன்றாகவே கேட்டது, சளி குறைந்தது. மாத்திரை முடிந்து ஐந்தாவது நாள் எல்லாம் திரும்ப வந்தது. வேறொரு ஆன்டிபயாடிக். அதுவும் அதே கதை. மூன்றாவது முறை ஒவ்வாமையாக இருக்கலாம் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் தும்மலே இல்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

அவர்கள் சொன்னது அர்த்தமில்லாத பேச்சு இல்லை. பூனைகளின் தும்மலுக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ்தான், முக்கியமாக ஹெர்பிஸ் வைரஸும் கலிசி வைரஸும். ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் பெரும்பாலான பூனைகளின் நரம்பில் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ திரும்பத் தலைகாட்டும். அந்த நோயில் பொதுவாக இரண்டு துளையும் ஒழுகும், கண்ணும் கலங்கும், பல பூனைகளுக்குக் குட்டியாக இருக்கும்போதே ஆரம்பித்திருக்கும். மிளகுக்கு நடந்தது அப்படி இல்லை. ஐந்து வயதில், ஒரு பக்கம் மட்டும், இரத்தத்தோடு. மூன்று மருந்து மாறியது. அந்தச் சளியில் ஒரு துளியை எடுத்து ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் யாரும் பார்க்கவில்லை. பாருங்கள் என்று நானும் கேட்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் அந்த ஒரு விஷயம்தான்.

ஆன்டிபயாடிக் ஏன் கொஞ்சம் கேட்டது என்பது பின்னால்தான் புரிந்தது. பூஞ்சை மூக்கின் உட்தோலைப் புண்ணாக்கிவிட்டால், அங்கே எப்போதும் இருக்கிற பாக்டீரியாக்கள் அந்தப் புண்ணில் பெருகும். கெட்டியான மஞ்சள் சளி பெரும்பாலும் அவை உண்டாக்குவது. மாத்திரை அவற்றை அடக்கும், சளி தெளியும், நமக்குக் குணமாவது போலத் தெரியும். அடியில் பூஞ்சை அப்படியே இருக்கும். ஸ்டீராய்டு அதைவிட மோசம். வீக்கத்தைக் குறைப்பதால் தும்மல் நிற்கும். ஆனால் பூஞ்சையோடு போராடிக்கொண்டிருக்கும் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். அந்த நிம்மதியான ஒரு வாரத்தில் மிளகின் மூக்குக்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

கண்டுபிடித்தது அம்மாதான். மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தவர், “இவளுக்கு மூக்குத் தண்டு கொஞ்சம் தூக்கின மாதிரி இல்ல?” என்றார். எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகம். பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் நடுவில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாகியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரே கோடு. தாடைக்கு அடியில் இடது பக்கம் ஒரு நெறி கட்டியிருந்தது, சுண்டைக்காய் அளவுக்கு.

மறுநாள் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் ஐந்து நிமிடம் மிளகைத் தொடவே இல்லை, மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கண்ணாடித் துண்டை மூக்குக்கு முன்னால் பிடித்தார். வலது துளைக்கு நேராக ஆவி படிந்தது. இடது துளைக்கு நேராக ஒன்றுமே இல்லை. காற்று அந்தப் பக்கம் வரவே இல்லை. இவ்வளவு எளிதான ஒரு சோதனையை நான் வீட்டிலேயே செய்திருக்கலாம்.

“இரண்டு சந்தேகம் இருக்கிறது. ஒன்று பூஞ்சை, இன்னொன்று கட்டி. இப்போதே பார்த்துவிடலாம்” என்றார். பூனையின் மூக்கில் வரும் புற்றுகளில் அதிகம் வருவது லிம்போமா, அதுவும் இதே மாதிரி மூக்கை வீங்கவைக்கும். மூக்குத் தண்டின் வீக்கத்திலும் தாடை நெறியிலும் மெல்லிய ஊசியைக் குத்தி, வந்ததை ஸ்லைடில் தெளித்து, சாயத்தில் முக்கி எடுத்தார். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு என்னை அழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

நீல நிறத்தில் உருண்டைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் அகலமான வெற்று வளையம். சோப்பு நுரையை நெருக்கமாக அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. சில உருண்டைகளின் ஓரத்தில் மெல்லிய கழுத்தோடு குட்டி உருண்டை முளைத்திருந்தது. “இது கிரிப்டோகாக்கஸ். அந்த வெற்று இடம்தான் அதன் உறை, சாயம் அதில் ஏறாது” என்றார். எனக்கு உண்மையில் அழுகை வந்தது. புற்று இல்லை என்பதற்காகப் பாதி, இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்பதற்காகப் பாதி.

அந்த உறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் கதையே அதில்தான் இருக்கிறது. கிரிப்டோகாக்கஸ் ஒரு ஈஸ்ட். மண்ணிலும், புறா எச்சத்திலும், மரப் பொந்துகளில் மக்கும் மரத்திலும் வாழ்கிறது. காய்ந்த தூசியோடு காற்றில் பறந்து, பூனை மோப்பம் பிடிக்கும்போது மூக்குக்குள் போகிறது. ஈரமான இடம் கிடைத்ததும் தன்னைச் சுற்றி சர்க்கரைப் பொருளால் ஆன தடித்த உறையைக் கட்டிக்கொள்கிறது. கிருமியை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அந்த வழுக்கும் உறையைப் பிடிக்கத் திணறுகின்றன. ஆனால் அதே உறை அதைக் காட்டியும் கொடுக்கிறது. உதிரும் உறைத் துணுக்குகள் இரத்தத்தில் கலப்பதால், ஒரு இரத்தப் பரிசோதனையில் அவற்றைப் பிடித்துவிடலாம். நாய் பூனைகளுக்கு வரும் பூஞ்சை நோய்களில் இவ்வளவு நம்பகமான இரத்தப் பரிசோதனை உள்ளவை குறைவு.

பூனைகளுக்கு நோய் உண்டாக்குபவை முக்கியமாக இரண்டு இனம்: கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கிரிப்டோகாக்கஸ் காட்டி. இரண்டாவது யூகலிப்டஸ் மரங்களோடு சேர்ந்த வெப்பநாட்டுப் பூஞ்சை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1999 முதல் கனடாவின் வான்கூவர் தீவில் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் அது பரவலாக வர ஆரம்பித்தது. குளிரான ஊர், அங்கே டக்ளஸ் ஃபிர் போன்ற மரங்களிலும் மண்ணிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பூனைகளும் நாய்களும் நிறைய. ஆகவே எங்கள் பக்கம் இதெல்லாம் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மிளகு வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. ஜன்னல் திட்டில் புறாக்கள் உட்காரும், அவள் வலைக்கு இந்தப் பக்கம் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அவற்றைப் பார்ப்பாள். அங்கிருந்துதான் வந்ததா என்பதை நிரூபிக்க வழியில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைகளுக்கும் இந்த நோய் வருகிறது என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றும் என்னை ஆச்சரியப்படுத்தியது. மனிதர்களில் இது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைப் பிடிக்கும் நோய். பூனைகளில் அப்படி இல்லை, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பூனைக்கும் வரும். பூனை எய்ட்ஸ், பூனை லுக்கீமியா வைரஸ்களுக்கு மிளகைச் சோதித்தார்கள். இரண்டும் இல்லை.

அன்று மருத்துவர் அவள் கண்ணையும் நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். மூக்குக்கு எதற்குக் கண் பரிசோதனை என்று கேட்டேன். மூக்கின் மேல்கோடியில் சல்லடை மாதிரித் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. வாசனை நரம்புகள் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. பூஞ்சையும் அதே துளைகள் வழியாக மூளைக்குப் போகலாம். விழித்திரையிலும் பார்வை நரம்பிலும் இறங்கிவிட்டால், நேற்றுவரை தும்மிக்கொண்டிருந்த பூனை இன்று கண்மணி விரிந்து சுவரில் மோதி நடக்கும். மிளகின் கண் தெளிவாக இருந்தது. சி.டி. ஸ்கேனில் இடது பக்கத்துச் சுருள் எலும்புகள் பாதி கரைந்து அந்த இடமெல்லாம் சதை நிரம்பியிருந்தது, நெற்றி சைனஸிலும் நீர் கட்டியிருந்தது. சல்லடை எலும்பு உடையவில்லை. அந்த ஒரு வரியை அறிக்கையில் எத்தனை தடவை படித்திருப்பேனோ.

ஸ்லைடில் வேறொன்று தெரிந்திருந்தால் என் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற இழைப் பூஞ்சையும் பூனை மூக்கில் வளரும். நாய்களில் அது பொதுவாக நீள மூக்கு இனங்களுக்கு வரும், பூனைகளில் நேர்மாறாக பெர்ஷியன், ஹிமாலயன் போன்ற தட்டை முகங்களுக்கு அதிகம். அதில் இரண்டு வகை. ஒன்று மூக்கோடும் சைனஸோடும் நிற்பது. அதற்கு மயக்கம் கொடுத்து, பூஞ்சைப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, சல்லடை எலும்பு முழுசாக இருந்தால் க்ளோட்ரிமசோல் திரவத்தால் மூக்கை நிரப்பி ஊறவைக்கும் சிகிச்சை உண்டு. இன்னொரு வகை எலும்பைத் துளைத்துக் கண்குழிக்குப் போய்விடும். ஒரு கண் மெதுவாக வெளியே தள்ளும், மூன்றாவது இமை மேலேறி மூடும், வாயைத் திறந்தால் வலிக்கும், மேலண்ணத்தில் புண் தெரியும். பலருக்கு முதலில் கண்ணில்தான் சந்தேகம் வரும், அதற்கு முன் மாதக்கணக்கில் தும்மியது நினைவில் இருக்காது. இந்தக் கண்குழி வகையில் அடிக்கடி கிடைக்கும் பூஞ்சைக்கு 2013-இல்தான் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள்: ஆஸ்பர்ஜில்லஸ் ஃபெலிஸ். ஆய்வகத் தட்டில் அது பழைய ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேடஸ் போலவே தெரியும், மரபணுவைப் படித்தால்தான் பிரித்தறிய முடியும். பிரித்தறிவது அவசியம், ஏனென்றால் அது சில பூஞ்சை மருந்துகளுக்கு லேசில் அடங்காது. போசகோனசோல், ஆம்போடெரிசின் என்று பலமான மருந்துகள் கொடுத்தும் இழந்த பூனைகள் நிறைய.

தொற்றுமா என்றுதான் எங்களைக் கேட்ட எல்லாரும் கேட்டார்கள். கிரிப்டோகாக்கஸ் பூனையிடமிருந்து மனிதருக்கோ இன்னொரு பூனைக்கோ தாவுவதில்லை. நாமும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறோம், ஆபத்து இருந்தால் அது புறா எச்சத் தூசியில் இருக்கிறது. அதனால் ஜன்னல் திட்டை முகமூடி போட்டு, ஈரமாக்கி, கழுவினோம். ஆனால் பூனை மூக்கு வீங்கினால் எல்லாமே இப்படிப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சையும் மூக்குத் தண்டை வீங்கவைத்துப் புண்ணாக்கும், தும்மலும் இருக்கும். அது பூனையின் நகக்கீறல், கடி, புண் நீர் வழியாக மனிதருக்கு வரும். பிரேசிலில், குறிப்பாக ரியோ டி ஜெனீரோவில், 1990-களின் கடைசியிலிருந்து பூனைகள் வழியாக ஆயிரக்கணக்கானோருக்குப் பரவியிருக்கிறது. எந்தப் பூஞ்சை என்று தெரியும்வரை முகத்தில் புண்ணுள்ள பூனையைக் கையுறை இல்லாமல் தொடாமல் இருப்பது நல்லது. ஸ்லைடை முதலிலேயே பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். ஃப்ளூகோனசோல், காலையும் மாலையும். மூளைக்கும் கண்ணுக்கும் நன்றாகப் போய்ச் சேரும் மருந்து என்பதால் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுத்தார். நோய் மூளையைத் தொட்டிருந்தாலோ இது கேட்காவிட்டாலோ ஆம்போடெரிசின் பி சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். அது சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து. எவ்வளவு நாள் என்று கேட்டேன். “மாதக் கணக்கில் யோசியுங்கள்” என்றார்.

முதல் மூன்று வாரம் மாத்திரையைவிட சாப்பாடுதான் கஷ்டம். பூனை நாக்கால் சாப்பிடுவதற்கு முன் மூக்கால் சாப்பிடுகிறது. வாசனை தெரியாவிட்டால் கிண்ணத்தில் இருப்பது அதற்கு உணவே இல்லை. மிளகு வருவாள், குனிவாள், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். பசி இல்லாமல் இல்லை. பூனை சில நாட்கள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைந்து, அதுவே உயிரைக் குடிக்கும் தனி நோயாகிவிடும். பூஞ்சை மருந்தும் கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியது. ஆகவே காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கே இடமில்லை. ஈர உணவை உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே வெதுவெதுப்பாக்கி, வாசனை எழும்படி வைத்தேன். அதற்கு முன் வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்குத் துளையில் காய்ந்திருந்ததை ஊறவைத்துத் துடைத்தேன். உப்புநீர் ஆவி பிடிக்கும் கருவியை அவள் கூடைப் பக்கம் வைத்துப் போர்வையால் பாதி மூடினேன். அப்படியும் சாப்பிடாத நான்கு நாள் விரலில் தடவி மேலண்ணத்தில் வைத்தேன். எடைக் கருவி சமையலறையிலேயே இருந்தது. தினமும் எடை பார்த்துச் சுவரில் எழுதினோம். மூன்றே கால், மூன்று நூற்றைம்பது, மூன்று இருநூறு. அந்த ஐம்பது கிராம் ஏறிய அன்று அம்மா எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

மாத்திரை கொடுத்த பிறகு சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை சுலபமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், சில மருந்துகள் அந்த இடத்தையே புண்ணாக்கிச் சுருக்கிவிடும். முன்பு டாக்ஸிசைக்ளின் கொடுத்த பத்து நாளும் எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. டாக்ஸிசைக்ளின்தான் அதற்குப் பேர்போன மருந்து.

ஆறாவது வாரத்தில் குறட்டை நின்றது. எட்டாவது வாரத்தில் மூக்குத் தண்டு பழைய வடிவத்துக்கு வந்தது. மூன்றாவது மாதத்தில் வெளியே பார்க்க எந்த நோயும் இல்லை. அப்போதுதான் எனக்குள் அந்தக் கேள்வி வந்தது: நிறுத்திவிட்டால் என்ன? தினமும் இரண்டு வேளை அவளைத் துரத்திப் பிடிப்பதில் அவள் என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பித்திருந்தாள். அது எனக்கு மாத்திரையைவிட அதிகமாக வலித்தது.

அங்கேதான் அந்த இரத்தப் பரிசோதனை கைகொடுத்தது. இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரான சீரத்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவுவரை பூஞ்சையின் உறைத் துணுக்கு தெரிகிறது என்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் மிளகுக்கு 1:1024. மூன்றாவது மாதம், வெளியே எல்லாம் சரியாகத் தெரிந்தபோது, 1:128. தும்மல் போய்விட்டது, பூஞ்சை போகவில்லை. அந்தத் தாளை மருந்து டப்பாவின் மூடியிலேயே ஒட்டி வைத்தேன், ஒவ்வொரு தடவையும் கண்ணில் பட வேண்டும் என்று. ஆறாவது மாதம் 1:16. ஒன்பதாவது மாதம் 1:4. எண் பூஜ்யத்துக்கு வரும்வரை விடக்கூடாது என்பது மருத்துவரின் உறுதியான பேச்சு, பாதியில் நிறுத்திய பூனைகளுக்கு இது திரும்ப வருவதை அவர் பார்த்திருக்கிறார். இடையில் கல்லீரல் எண் ஒருமுறை ஏறி, மருந்தளவைக் கொஞ்சம் குறைத்து, பிறகு மெதுவாகப் பழையபடி ஏற்றினோம். பதின்மூன்றாவது மாதம் முடிவு வந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துச் செய்த அடுத்த சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. அன்று மாலை மாத்திரையை நிறுத்தினோம்.

கரைந்த எலும்பு திரும்ப வளரவில்லை. அதனால் அவள் இடது துளையில் லேசான ஈரம் எப்போதும் இருக்கும், குளிர் நாட்களில் ஒன்றிரண்டு தும்மல் வரும். ஒவ்வொரு தும்மலுக்கும் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கண்ணாடியோடு போகிறேன். இரண்டு வட்டம் ஆவி படிந்தால் திரும்பி வருகிறேன். பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் திரும்ப வரலாம் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை இரத்தம் எடுக்கிறோம்.

தினமும் இரவு விளக்கணைக்கும் முன் அவள் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். கண்களுக்கு நடுவில் அந்தப் பள்ளம் இருக்கிறதா என்று. நான் கொஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டு மிளகு கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு சத்தமே இல்லாமல் தூங்கிவிடுவாள்.